வயோமிங் ஆன்டிலோப் வேட்டை: வெளிமாநிலத்தில் இருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்சாஸ், நியூஜெர்சி, இலினாய் பக்கம் இருக்கிற நம்மவர்கள் சிலர் வேட்டைக்குள் வந்ததும் முதலில் கேட்பது ஆன்டிலோப் (மான் போன்ற ப்ராங்ஹார்ன் விலங்கு) பற்றித்தான். சரியான கேள்வி. பெரிய விலங்கு வேட்டை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது: விலங்கு பகலில் கண்ணில் படும், மலை ஏற வேண்டாம், ஆளும் வண்டியும் இருந்தால் நாமே திட்டம் போட்டுப் போகலாம். கீழே இருப்பது பெரும்பாலும் வயோமிங்கை வைத்து எழுதியது. கட்டணமும் தேதியும் வருஷா வருஷம் மாறும், பணம் கட்டும் முன் வயோமிங் கேம் அண்ட் ஃபிஷ் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஏன் வயோமிங்? மற்ற மாநிலங்களில் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் வரிசை நீளம். உலகத்திலேயே ப்ராங்ஹார்ன் ஆன்டிலோப் அதிகமாக இருப்பது வயோமிங்கில். குறிப்பிட்ட எண்ணிக்கையில் தரும் ஆன்டிலோப் லைசன்ஸ்களில் 20 சதவீதம் வெளிமாநிலத்தவருக்கு என்று அங்கே ஒதுக்கீடு உண்டு. மொன்டானாவில் அதிகபட்சம் 10 சதவீதம். அரிசோனா, நெவாடா, யூட்டா எல்லாம் லைசன்ஸ் குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளைப் பல வருஷம் சேர்த்துக் காத்திருக்கிறவர்களுக்கான இடம். முதல் ஆன்டிலோப் என்றால் வயோமிங்கில் தொடங்குங்கள், அடுத்து மொன்டானாவைப் பாருங்கள்.

யாரை வெளிமாநிலத்தவர் என்று கணக்கு வைக்கிறார்கள்?

வயோமிங்கில் ஒரு முழு வருஷம் நிரந்தரமாகக் குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர். அங்கே நிலம் வாங்கிப்போட்டிருந்தாலும், மாதாமாதம் வேலைக்குப் போய்வந்தாலும் அது ஆகாது. இதில் பொய் சொல்லி லைசன்ஸ் வாங்கினால் அது குற்றம், அதுவும் ஒரு மாநிலத்தோடு நிற்காது. வேட்டைக் குற்றத்துக்காக ஒரு மாநிலம் உரிமையைப் பறித்தால் மற்ற மாநிலங்களும் அதை மதிக்கும் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கியைத் தொடவே கூடாது என்கிறார்களே?

நம்மவர்களிடம் இருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான், பாதி உண்மை மட்டும் தெரிந்துகொண்டு பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதே சட்டத்தில் விலக்கும் இருக்கிறது: அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. உங்கள் ஊரிலேயே எடுத்த சாதாரண வருடாந்திர வேட்டை லைசன்ஸும் இதற்குப் போதும். ஆனால் அது காலாவதியான அடுத்த நாளே துப்பாக்கி கையில் இருப்பது குற்றமாகிவிடும், அதனால் புதுப்பிக்கும் தேதியை விசா தேதி மாதிரியே குறித்து வையுங்கள். ஸ்டேட்டஸ் முறிந்துபோன நிலையில் இந்த விலக்கை நம்பிக்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். சில மாநிலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை. கிரீன்கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

டொராண்டோவில் இருக்கிறேன். என் துப்பாக்கியையே கொண்டு வரலாமா?

வரலாம். அமெரிக்காவுக்குள் தற்காலிகமாகத் துப்பாக்கி கொண்டுவர, துப்பாக்கி விஷயங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி ஏடிஎஃப் துறையின் ‘6 என்ஐஏ’ படிவம் போட்டு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதோடு வேட்டை லைசன்ஸையும் எல்லையில் காட்ட வேண்டும். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் குலுக்கல் முடிவு வந்த அன்றே படிவத்தை அனுப்பிவிடுங்கள்.

வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயமா?

1966 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் என்றால் ஆம். உங்கள் மாநிலத்தில் வாங்கிய சான்றிதழையே ஏற்றுக்கொள்வார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நம்மில் பெரும்பாலானவர்கள் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அதனால் ஆன்லைன் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாமல் நேரில் களப்பயிற்சி தரும் வகுப்பில் சேருங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

லைசன்ஸ் குலுக்கல் எப்படி நடக்கிறது?

ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பம் திறக்கும், வெளிமாநிலத்தவருக்குக் கடைசி நாள் ஜூன் தொடக்கத்தில் வரும், முடிவு ஜூன் மாதமே தெரிந்துவிடும். வயோமிங் வேட்டை ஏரியா ஏரியாவாக, எண் போட்டுப் பிரிக்கப்பட்டது. எந்த ஏரியா, எந்த வகை லைசன்ஸ் என்று வரிசைப்படுத்திக் கேட்க வேண்டும். வகை 1 என்றால் பெரும்பாலும் ஆணோ பெட்டையோ எதையும் எடுக்கலாம். வகை 6, 7 பெட்டைக்கும் குட்டிக்கும். வகை 9 வில் அம்புக்கு மட்டும்.

வெளிமாநிலத்தவர் பங்கில் 75 சதவீதம் முன்னுரிமைப் புள்ளி அதிகம் உள்ளவர்களுக்குப் போகும், மீதி 25 சதவீதம் புள்ளியே பார்க்காத வெறும் குலுக்கல். ஆகவே புள்ளி இல்லாதவருக்கும் பெரும்பாலான ஏரியாக்களில் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. முழுக் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் விண்ணப்பக் கட்டணம் போக மீதி திரும்ப வரும்.

நண்பர்கள் சேர்ந்து குழுவாகவும் விண்ணப்பிக்கலாம். அப்போது எல்லோருடைய புள்ளிக்கும் சராசரி எடுப்பார்கள்: நாலு, ஒன்று, ஒன்று என்று மூன்று பேர் சேர்ந்தால் குழுவுக்கு இரண்டு புள்ளி. நாலு புள்ளிக்காரர் இதைத் தெரிந்துதான் சேர்கிறாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வேண்டாம்.

ரெகுலர், ஸ்பெஷல் என்று இரண்டு விலை ஏன்?

வெளிமாநிலத்தவர் லைசன்ஸில் 60 சதவீதம் ரெகுலர் விலைக்கும் 40 சதவீதம் ஸ்பெஷல் விலைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் சேராமல் ரெகுலர் 326 டாலர். ஸ்பெஷல் 2024 முதல் 1,200 டாலர், அதற்கு முன் 614 ஆக இருந்தது. இரண்டிலும் கிடைப்பது ஒரே லைசன்ஸ், ஒரே விலங்கு, ஒரே நிலம். கூடுதல் பணம் வாங்கித் தருவது போட்டி குறைந்த வரிசையை மட்டும்தான். என் கருத்தில் முதல்முறை போகிறவர் ஸ்பெஷல் பக்கம் போகத் தேவையில்லை. அந்த எண்ணூறு டாலர் சொச்சத்தில் பெட்ரோல், தங்குமிடம், நல்ல பைனாகுலர் எல்லாம் வந்துவிடும்.

புள்ளி வாங்கி வைக்கட்டுமா?

வாங்குங்கள். வருஷத்துக்கு 31 டாலர், ஜூலை முதல் அக்டோபர் கடைசி வரை விற்பார்கள். தொடர்ந்து இரண்டு வருஷம் விண்ணப்பிக்கவும் இல்லை, புள்ளியும் வாங்கவில்லை என்றால் சேர்த்தது எல்லாம் போய்விடும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: முதல் விருப்பம் கிடைத்தால்தான் புள்ளி கரையும், இரண்டாவது மூன்றாவது விருப்பத்தில் கிடைத்தால் புள்ளி அப்படியே இருக்கும். ஆனால் பத்துப் புள்ளி சேரட்டும், அப்புறம் போகலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்று நாலு புள்ளியில் சுமாரான ஏரியாவுக்குப் போய்ப் பழகினால் வேட்டை தெரியும், நிலம் தெரியும். காத்திருப்பதில் எதுவும் தெரிய வராது.

எந்த ஏரியாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் விட இது முக்கியம். புதிதாக வருகிறவர் போன வருஷப் புள்ளிவிவரத்தைத் திறந்து, புள்ளியே இல்லாமல் நூறு சதவீதம் கிடைத்த ஏரியா எது என்று பார்த்து அதையே எழுதுகிறார். லைசன்ஸும் கிடைத்துவிடுகிறது. அக்டோபரில் ஆயிரம் மைல் ஓட்டிப்போய் இறங்கினால் சாலைக்கு இரண்டு பக்கமும் முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்டிலோப் கூட்டம், நிலம் முழுக்கத் தனியார் பண்ணை. வயோமிங்கின் கிழக்குப் பாதியில், குறிப்பாக ஜிலெட், டக்ளஸ், பஃபலோ ஊர்களைச் சுற்றி, சுலபமாக லைசன்ஸ் கிடைக்கும் ஏரியாக்கள் பல இப்படித்தான். அங்கே விலங்குக்குப் பஞ்சம் இல்லை, நமக்குக் கால் வைக்க இடம்தான் இல்லை. பொது நிலத்துக்குப் போவது கடினம் என்கிற ஏரியாக்களைத் துறையே விண்ணப்பத் தகவலில் குறித்துக் காட்டுகிறது. அந்தக் குறிப்பைப் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

ஆகவே நிலத்தில் இருந்து தொடங்குங்கள். ஆன்எக்ஸ் மாதிரி நில உரிமை காட்டும் வரைபடச் செயலியில் ஏரியா எல்லையைப் போட்டு, பி.எல்.எம். நிலம் (கூட்டாட்சி அரசின் பொது நிலம்), மாநில அறக்கட்டளை நிலம், தண்டர் பேசின் போன்ற தேசியப் புல்வெளி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் மட்டும் போதாது, பொதுச் சாலையில் இருந்து யார் நிலத்தையும் மிதிக்காமல் அதை அடைய முடிகிறதா என்று ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். பிறகு ‘ஆக்செஸ் யெஸ்’ திட்டம். பண்ணைக்காரர்களோடு துறை ஒப்பந்தம் போட்டுத் தனியார் நிலத்தை நமக்குத் திறந்துவிடும் ஏற்பாடு இது. ‘வாக்-இன்’ நிலங்களுக்கு நேராகப் போகலாம், ‘ஹன்டர் மேனேஜ்மென்ட்’ நிலங்களுக்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். இந்த வரைபடம் கோடையில் புதுப்பிக்கப்படும், அதாவது விண்ணப்பித்த பிறகுதான் இந்த வருஷத்து நிலம் தெரியும். போன வருஷத்து வரைபடத்தை வைத்து முடிவெடுத்து, ஆகஸ்டில் திரும்பப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் அந்தப் பகுதியின் துறை உயிரியலாளருக்குப் போன் போடுங்கள். பெரிய ஆண் எங்கே நிற்கிறது என்று கேட்காதீர்கள். ‘இந்த இரண்டு பொது நிலத் துண்டுகளில் எதில் கூட்டம் குறைவு, குளிர்காலத்தில் இழப்பு எப்படி, தண்ணீர் நிலைமை எப்படி’ என்று கேளுங்கள். வீட்டுப்பாடம் செய்தவர் என்று தெரிந்தால் பொறுமையாகப் பேசுவார்கள்.

செஸ்போர்டு, கார்னர் கிராசிங் என்கிறார்களே, அது என்ன?

1860-களில் ரயில் பாதை போட யூனியன் பசிபிக் கம்பெனிக்குப் பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலம் கொடுத்தார்கள். இன்றும் தெற்கு வயோமிங்கில், ராலின்ஸ், ராக் ஸ்பிரிங்ஸ் பக்கம், தனியார் பொது நிலம் என்று சதுரங்கக் கட்டம் போலவே இருக்கிறது. இரண்டு பொதுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த மூலையைத் தாண்டுவது அத்துமீறலா என்பது பல காலச் சண்டை. 2021-ல் எல்க் மலைப் பக்கம் மிசௌரியில் இருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் ஏணி வைத்து மூலையைத் தாண்டினார்கள், வழக்கு வந்தது. 2022-ல் ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்றது. 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும், தனியார் நிலத்தைக் காலால் தொடாமல் தாண்டினால் அது சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்துவிட்டது. வெளிமாநிலத்துச் சாதாரண வேட்டைக்காரருக்கு இவ்வளவு பெரிய நன்மை செய்த தீர்ப்பு வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மூலைக்கல் சரியாக எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் தாண்ட வேண்டும், செயலியில் தெரியும் கோடு சில அடி தள்ளி இருக்கலாம். மொன்டானா பத்தாவது சர்க்யூட் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது, அங்கே இந்தத் தீர்ப்பை நம்பிப் போகாதீர்கள்.

தனியார் நிலத்தில் அனுமதி கேட்கலாமா?

தாராளமாக. ஆகஸ்டில் போன் செய்து மரியாதையாகக் கேளுங்கள், சிலர் கட்டணம் சொல்வார்கள், பெட்டை மட்டும் என்றால் குறைவாகவே கேட்பவர்களும் உண்டு. அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது லைசன்ஸிலேயே கையெழுத்து வாங்கலாம். வயோமிங்கில் நில உரிமையாளர் பலகை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலி இல்லாவிட்டாலும் எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவைப்பது நம் பொறுப்பு.

கைடு தேவையா?

தேவையில்லை. ‘வில்டர்னெஸ்’ என்று கூட்டாட்சி அரசு அறிவித்த காட்டுப் பகுதியில் பெரிய விலங்கு வேட்டைக்குத்தான் வெளிமாநிலத்தவருக்குக் கைடு கட்டாயம். ஆன்டிலோப் அங்கே அரிது.

பெட்டை லைசன்ஸ் எடுப்பதில் பிரயோஜனம் உண்டா?

இறைச்சிக்காகப் போகிறவருக்கு அதுதான் சிறந்தது. 34 டாலர், விண்ணப்பக் கட்டணம் தனி, புள்ளியும் கரையாது. குடும்பத்தோடு போய் முதல்முறை பழக மிகவும் ஏற்றது.

இவ்வளவு அழகான விலங்கைக் கொல்லத்தான் வேண்டுமா? எண்ணிக்கை குறைந்துவிட்டது என்கிறார்களே?

இந்தக் கேள்வியை மதிக்கிறேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டதால், கண்டம் முழுக்க மிகக் குறைவாகவே மிஞ்சின. இன்று லட்சக்கணக்கில் இருப்பதற்குக் காரணம் கட்டுப்பாடுகள், லைசன்ஸ் பணம், அப்புறம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வரி போட்டு வனவிலங்குக்குத் தந்த 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். இப்போதும் ஆபத்து இருக்கிறது. 2022-23 குளிர்காலத்தில் தென்மேற்கு வயோமிங்கில் பெரும் இழப்பு ஏற்பட்டது, பைன்டேல் பக்கம் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற நுரையீரல் நோயும் சேர்ந்துகொண்டது. துறை லைசன்ஸை ஆயிரக்கணக்கில் குறைத்தது, அது சரியான முடிவு. ப்ராங்ஹார்ன் வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் புகுந்துதான் போகும். கீழ்க்கம்பி தரையோடு இருந்தால் பனியில் அங்கேயே சிக்கிச் சாகும். கீழ்க்கம்பியை உயர்த்தும் தன்னார்வ வேலைகளில் வேட்டைக்காரர்கள் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

எப்போது போவது?

வில் அம்பு பல ஏரியாக்களில் ஆகஸ்ட் நடுவில் தொடங்கும், துப்பாக்கி செப்டம்பரிலும் அக்டோபரிலும். செப்டம்பர் நடுவில் இணைசேரும் காலம், ஆண்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கவனம் சிதறி இருக்கும். தொடக்க வாரத்தில் கூட்டம் இருக்கும், பத்து நாள் தள்ளிப் போனால் பொது நிலம் அமைதியாகிவிடும்.

எந்தத் துப்பாக்கி? எவ்வளவு தூரம்?

.243, 6.5 கிரீட்மோர், .270, .308 எதுவானாலும் போதும். இது கனத்த விலங்கு அல்ல, பெரிய ஆணே ஐம்பது அறுபது கிலோதான். காற்றுதான் எதிரி. வீட்டுப் பக்கத்து மைதானத்தில் மேஜைமேல் வைத்துச் சுடுவதை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, படுத்து, முக்காலியில் வைத்து 200, 250 கெஜத்தில் பழகுங்கள். அதற்கு மேல் உறுதியில்லை என்றால் சுடாதீர்கள், இன்னும் கிட்டே போங்கள். சாலையில் இருந்தோ, சாலைக்குக் குறுக்கேயோ சுடுவது சட்டவிரோதம். மேலே ஒரு உடையாவது ஒளிரும் ஆரஞ்சு அல்லது ஒளிரும் பிங்க் நிறத்தில் இருக்க வேண்டும், தொப்பி மட்டும் இருந்தாலும் செல்லும்.

வெட்டவெளியில் எப்படிக் கிட்டே போவது? அவற்றின் பார்வை பயங்கரம் என்கிறார்களே.

உண்மைதான், பல மைல் தூரத்து அசைவையும் பார்த்துவிடும், ஓடினால் மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த நிலம் தூரத்தில் இருந்து பார்க்கத்தான் தட்டை, உள்ளே நடந்தால் மடிப்பும் ஓடையும் நிறைய. காலையில் உயரமான இடத்தில் உட்கார்ந்து கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள், காற்றின் திசை பாருங்கள், கண்ணில் படாத மடிப்பு வழியாகச் சுற்றிப் போங்கள். கடைசி நூறு கெஜம் தவழ வேண்டிவரும். சப்பாத்திக்கள்ளி முள் நிறைய இருக்கும், அதனால் முட்டிக்குப் பட்டையும் தோல் கையுறையும் கட்டாயம். செப்டம்பரில் விரியன் வகைப் பாம்பும் உண்டு. பொறுமை இருப்பவர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மறைவில் உட்காரலாம், வில் வேட்டைக்காரர்களுக்கு அதுதான் நல்ல வழி.

எங்கே தங்குவது? எந்த வண்டி?

பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 14 நாள் வரை கூடாரம் போடலாம். மாநில அறக்கட்டளை நிலத்தில் வேட்டையாடலாம், இரவு தங்கக் கூடாது. காஸ்பர், ஜிலெட் ஊர்களில் மோட்டல் உண்டு, முன்பதிவு செய்யுங்கள். டென்வரில் இருந்து காஸ்பர் நாலு மணி நேரம். வண்டி உயரமாக, நல்ல டயரோடு இருந்தால் போதும், ஆனால் மழை பெய்தால் மண் பாதையில் இறங்கவே இறங்காதீர்கள். அங்குள்ள களிமண் நனைந்தால் டயரில் ஒட்டி ஒட்டிச் சக்கரமே சுற்றாது, போன் சிக்னலும் இருக்காது. அரை நாள் வெயில் அடித்தால் காய்ந்துவிடும், காத்திருங்கள்.

விமானத்தில் போனால்?

தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பூட்டிய கெட்டியான பெட்டியில் வைத்து, செக்-இன் கவுண்டரில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். தோட்டாவும் செக்-இன் சாமான்தான், பல விமான நிறுவனங்களில் 11 பவுண்டு வரம்பு. திரும்பும்போது இறைச்சியை எப்படிக் கொண்டுவருவது என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள். முடிந்தால் வண்டியிலேயே போங்கள்.

ஆன்டிலோப் கறி நாற்றம் அடிக்குமாமே?

கவனிக்காமல் விட்டால் எந்தக் கறியும் அப்படித்தான். செப்டம்பர் பகலில் வெயில் கடுமை. விழுந்ததும் லைசன்ஸில் உள்ள கூப்பனில் தேதி, கையெழுத்து போட்டுக் கட்டுங்கள், உடனே குடல் எடுங்கள், தோலை உரியுங்கள், அரை மணி நேரம் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். முடி உதிர்ந்து கறியில் ஒட்டும், தோலைத் தொட்ட கையால் கறியைத் தொடாதீர்கள். நாலு கால், முதுகுக்கறி, கழுத்து எல்லாவற்றையும் துணிப் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள், உருகும் தண்ணீர் கறியில் படாமல் வடித்துக்கொண்டே இருங்கள். பெட்டை லைசன்ஸ் என்றால் பாலின அடையாளத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள், சோதனையில் கேட்பார்கள். உண்ணத்தக்க கறியை விட்டுவிட்டு வருவது குற்றம்.

இப்படிக் கவனித்த கறி இளம் ஆட்டுக்கறியைவிட மென்மை. கொழுப்பு கிடையாது, அதனால் முதுகுக்கறியை மிளகு போட்டுச் சீக்கிரம் வதக்கி இறக்கிவிடுங்கள், அதிகம் வெந்தால் வறண்டுவிடும். தொடைக்கறி சுக்காவுக்கு, கழுத்து குழம்புக்கு, கால் எலும்பு சூப்புக்கு. மிச்சத்தைக் கொத்துக்கறி போட்டு வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ரெகுலர் லைசன்ஸ், வனவிலங்குப் பாதுகாப்பு முத்திரை (கன்சர்வேஷன் ஸ்டாம்ப்), பெட்ரோல், கூடாரம், சாப்பாடு என்று டெக்சாஸில் இருந்து இரண்டு பேர் வண்டியைப் பகிர்ந்து போனால் ஆளுக்கு ஆயிரம் டாலரை ஒட்டி முடிக்கலாம். இதில் துப்பாக்கி, பைனாகுலர் சேராது.

மனைவியும் பிள்ளைகளும் வேட்டையாடாமல் கூட வரலாமா?

வரலாம், கூட நடப்பதற்கும் கறி சுமப்பதற்கும் லைசன்ஸ் தேவையில்லை. அவர்களுக்கும் ஆரஞ்சுத் தொப்பி வாங்கிக்கொடுங்கள், நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். 12 முதல் 17 வயதுப் பிள்ளை தானே வேட்டையாட விரும்பினால் இளையோர் லைசன்ஸ் 110 டாலர், விண்ணப்பக் கட்டணம் தனி, கடைசி நாள் பெரியவர்களுக்கு உள்ளதுதான்.